பட்டினப்பாக்கம் கரையில் ஒரு நாள்: பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம்?

மே மாதம் பிறந்துவிட்டால் நம் இதழுக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிடுகிறது. நெல்லில் குருத்துப்பூச்சி, தென்னையில் வெள்ளை ஈ, பால்மாட்டுக்கு மடிநோய் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே, ‘மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான், என்ன படிக்க வைப்பது?’, ‘மகள் பத்தாவது தேறியிருக்கிறாள், எந்த குரூப் எடுக்கச் சொல்வது?’ என்ற கேள்விகளும் வந்து சேர்கின்றன. நிலத்தில் என்ன விதைப்பது என்று யோசிக்க நமக்கு அனுபவம் இருக்கிறது. பிள்ளையின் படிப்பில் அந்த அனுபவம் பல வீடுகளில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் எதைப் படித்தானோ, அதையே நம் பிள்ளைக்கும் எழுதிப் போடுகிறோம்.

இந்த விஷயத்தை நேரில் பார்த்து எழுத ஓர் இடம் தேடியபோது, சென்னையின் பட்டினப்பாக்கம் பொருத்தமாகப் பட்டது. சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் கடற்கரைப் பகுதி இது. ஒரு பக்கம் பரம்பரை மீனவர் குப்பங்கள். சுமார் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே மத்திய அரசின் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், மாநில அரசின் ஐ.ஏ.எஸ் பயிற்சி மையம், அரசு இசைக் கல்லூரி என மூன்றும் இருக்கின்றன. தொழிலும் படிப்பும் இத்தனை நெருக்கமாக இருக்கும் ஊரில், பிள்ளைகளின் எதிர்காலத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

எழும்பூரில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வந்து, எதிரே இருக்கும் பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்து மந்தைவெளியில் இறங்கலாம். அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்து நடந்தால் அரை மணி நேரத்துக்குள் பட்டினப்பாக்கம் வந்துவிடும்.

கரையில் கேட்ட கேள்வி

காலை ஏழு மணிக்குக் கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக ஏறி நிற்கின்றன. சங்கரா, கவலை, நெத்திலி, நண்டு என்று வந்த மீனைப் பெண்கள் ரகம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிருந்து வடக்கே கலங்கரை விளக்கம் வரை போகும் லூப் சாலையில், நொச்சிக்குப்பம் பக்கம், 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டிருக்கிறது. தெற்கே சீனிவாசபுரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் சென்னையில் அதிகம் அடிபட்ட குப்பங்களில் இதுவும் ஒன்று. அதன் பிறகும் கடல் அரிப்பு ஓயவில்லை. கரையோர வீடுகள் சில கண்ணெதிரே கடலுக்குள் போயிருக்கின்றன. முகத்துவாரத்தில், 1967-ல் கட்டி 1977-ல் வெள்ளம் கொண்டுபோன உடைந்த பாலம் இன்றும் அப்படியே நிற்கிறது.

படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “கடலுக்கு வராத, வராதன்னு சொல்லியே எம் புள்ளைய வளத்தேன் சார். இப்ப அவன், ‘சரிப்பா, வரல. அப்ப நான் எங்க போட்டும்?’னு கேக்குறான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல” என்றார்.

இதைக் கேட்டதும் நம் கிராமத்துத் திண்ணைகள்தான் நினைவுக்கு வந்தன. ‘என்னோட போகட்டும் இந்த மண்ணுல கஷ்டப்படுறது’ என்று சொல்லாத விவசாயி உண்டா? எங்கே போகக் கூடாது என்பதைப் பத்து வயதிலிருந்தே பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறோம். எங்கே போகலாம் என்று சொல்லவேண்டிய வயதில் நமக்குத் தெரிந்தது நாலைந்து படிப்பின் பெயர்கள்தான். இன்ஜினீயரிங், நர்சிங், பி.காம், டாக்டர் என்று அந்தப் பட்டியல் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.

பக்கத்தில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பேச்சில் கலந்துகொண்டார். “எம் பொண்ணு கணக்குல புலி அண்ணே. ஏலத்துல கூடை கைமாறும்போதே எனக்கு என்னா நிக்கும்னு சொல்லிடுவா. ஸ்கூல்ல மட்டும் மார்க் கம்மி. எந்த டீச்சர்கிட்ட கேக்குறதுன்னு தெரியல.” மார்க் பட்டியலில் இல்லாத ஒரு திறமையை அந்தத் தாய் கவனித்திருக்கிறார். பிள்ளைக்கு வழிகாட்டும் வேலையின் முதல் படியே இதுதான்.

கொண்டல் எப்போது வரும், வாடை எப்போது திரும்பும், தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் குப்பத்துப் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் தெரியும். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் பையன், பால் கணக்கைத் தவறில்லாமல் எழுதும் பெண், நோய் வந்த ஆட்டை நடையிலேயே கண்டுபிடிக்கும் சிறுவன் என்று நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அப்பன் தொழிலை விட்டால் இந்த அறிவையும் விட்டுவிட வேண்டும் என்று நினைப்பதுதான் பெரிய நஷ்டம். அந்த அறிவை எடுத்துக்கொண்டு போக எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதைப் பட்டினப்பாக்கத்தின் தெருக்களிலேயே பார்க்க முடிகிறது.

உவர்நீர் ஆராய்ச்சி நிலையம்

சாந்தோம் நெடுஞ்சாலையில் எம்.ஆர்.சி நகர்ப் பக்கம் இருக்கிறது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். சுருக்கமாக ‘சிபா’. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1987-ல் தொடங்கப்பட்டது. இறால், கொடுவா, பால்கெண்டை, நண்டு ஆகியவற்றின் குஞ்சு உற்பத்தி, தீவனம், நோய் என்று இங்கே ஆராய்ச்சி நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இதற்குச் சோதனைப் பண்ணை உண்டு. விவசாயிகளுக்கும் இளைஞர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகளையும் அவ்வப்போது நடத்துகிறார்கள்.

நம் வாசகர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்து மீன் அமிலம் தயாரிப்பது நமக்குத் தெரியும். அதே மீன் கழிவைக் கொண்டு இறால் குளங்களுக்கு ‘பிளாங்க்டன் பிளஸ்’, பயிர்களுக்கு ‘ஹார்ட்டி பிளஸ்’ என்ற இரண்டு பொருள்களை சிபா உருவாக்கியது. அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு தயாரிப்பில் இறங்கியவர்களில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் சீனிவாசபுரம் மீனவர் குழுவும் உண்டு. சந்தையில் குப்பையாகக் கிடந்தது விலைக்குப் போகும் பொருளாயிற்று. பிள்ளைக்கு வேலை என்றால் சம்பள வேலை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்தத் துறைக்குள் நுழைய மூன்று உயரங்களில் படிகள் இருக்கின்றன.

*பத்தாம் வகுப்பு:* ராயபுரத்தில் ‘சிஃப்நெட்’ என்ற மத்திய மீன்வள நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இருக்கிறது. இங்கே மீன்பிடிக் கப்பல் செலுத்துதல், கப்பல் இயந்திரம் பொருத்துதல் ஆகிய இரண்டு படிப்புகள், இரண்டு ஆண்டுகள். பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல் இரண்டிலும் தனித்தனியே 40 சதவிகித மதிப்பெண் கேட்கிறார்கள். நுழைவுத் தேர்வு உண்டு. மோட்டாரோடு பேசத் தெரிந்த பையன் உள்நாட்டு மாவட்டத்தில் பிறந்திருந்தாலும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

*பன்னிரண்டாம் வகுப்பு:* நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-ல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்கு ஆண்டு பி.எஃப்.எஸ்சி படிப்பு இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்தே நடக்கிறது. பொன்னேரியிலும் கல்லூரி உண்டு. ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் இடம். நீட் தேவையில்லை.

*பட்டத்துக்குப் பிறகு:* முதுகலை, முனைவர் பட்டம் என்று மேலே போகிறவர்கள் சிபா போன்ற நிலையங்களில் விஞ்ஞானி ஆகலாம். மீன்வளத் துறை அலுவலர், வங்கி அதிகாரி, தீவன நிறுவன ஆலோசகர் என்ற வழிகளும் திறந்திருக்கின்றன.

இதே படிக்கட்டு வேளாண்மையிலும் அப்படியே இருக்கிறது. ப்ளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு வேளாண் டிப்ளோமா முடித்தவர்கள், டி.என்.பி.எஸ்.சி அறிவிக்கும்போது உதவி வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாம். நான்கு ஆண்டு பி.எஸ்சி வேளாண்மை முடித்தவர்களுக்கு வேளாண்மை அலுவலர் தேர்வு. வேளாண் பட்டப்படிப்புக்கும் நீட் கிடையாது. கால்நடை மருத்துவத்திலும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டுமே நீட். ‘நீட் எழுதவில்லை, இனி மாட்டு டாக்டரும் கிடையாது’ என்று மனம் உடைந்துபோகும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு தகவல் போய்ச் சேர்ந்தாலே போதும்.

பசுமைவழிச்சாலையில் ஐ.ஏ.எஸ் கனவு

சிபாவிலிருந்து மேற்கே நடந்தால் ராஜா அண்ணாமலைபுரம். பசுமைவழிச்சாலையில், இன்றைய பெயரில் பி.எஸ்.குமாரசாமி ராஜா சாலையில், தமிழ்நாடு அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் வெற்றி பெறும் 225 பேருக்கு இங்கேயே தங்கிப் படிக்கும் முழுநேரப் பயிற்சி. தனியார் மையங்கள் லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சியை இங்கே இலவசமாகத் தருகிறார்கள். மீனவக் குடும்பத்துப் பட்டதாரிகளுக்கு மீன்வளத் துறை வழியாகத் தனிப் பயிற்சியும் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது.

இதைத் தவிர, 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில், மதிப்பீட்டுத் தேர்வு மூலம் தேர்வாகும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்கள் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். விருப்பப் பாடமாக வேளாண்மையையே எடுக்கலாம். வேளாண் பட்டதாரிகள் இந்திய வனப்பணித் தேர்வும் எழுத முடியும்.

ஆனால், இந்த மையத்தின் வாசலில் நின்று சொல்லவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில், நாடு முழுக்கத் தேர்வாகிறவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். ஆகவே, ‘ஐ.ஏ.எஸ் ஆகாமல் ஊருக்கு வர மாட்டேன்’ என்று ஏழெட்டு ஆண்டுகளைக் கரைக்க விடக் கூடாது. எத்தனை முயற்சி, எந்த வயது வரை, கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதைப் படிக்கத் தொடங்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வு ஆகியவற்றுக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரே நிலத்தில் ஊடுபயிர் போடுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாதஸ்வரத்துக்கும் கல்லூரி உண்டு

அதே சாலையை ஒட்டி, அடையாற்றங்கரையில், 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பிராடி மாளிகை நிற்கிறது. தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி இயங்கும் இடம் இது. 1949-ல் இந்தக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக இருந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். 2013-ல் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும் இதே வளாகத்துப் பக்கம்தான்.

‘பாட்டு கற்றுக்கொண்டு சோறு தின்ன முடியுமா’ என்று கேட்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே மூன்று ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. வாய்ப்பாட்டு, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். தேவாரம், நாதஸ்வரம், தவிலுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே சேரலாம். பிறகு இசைக் கல்லூரி, பட்டயம், ஆசிரியர் பயிற்சி என்று படிகள் இருக்கின்றன. கோயில் பணி, பள்ளி இசை ஆசிரியர் பணி என்று அரசு வேலைகளும் உண்டு. ஊர்த் திருவிழாவில் தவில் சத்தம் கேட்ட இடத்தைவிட்டு நகராத பையன் உங்கள் வீட்டில் இருந்தால், மாவட்ட இசைப்பள்ளிக்கு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

ஜூன் மாதத்துப் பணம்

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பணத்தின் கணக்கையும் போட வேண்டும். கரையில் ஒருவர் சொன்னது யோசிக்க வைத்தது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் வருமானம் நிற்கிற நேரமும் கல்லூரிச் சேர்க்கை நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. நமக்கும் இதே நிலைதான். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் வருகிறது. கல்லூரிக் கட்டணம் ஜூன், ஜூலையில். அது குறுவைக்கு உழவும் விதையும் உரமும் வாங்குகிற மாதம். கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் வட்டிக்காரர் வாசலுக்கும், ‘சீட் வாங்கித் தருகிறேன்’ என்கிற தரகர் வாசலுக்கும் போகிறோம்.

ஆகவே, பிள்ளை பத்தாவது படிக்கும்போதே, ஒவ்வொரு தை மாதமும் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வையுங்கள். அதோடு, உங்களுக்குச் சேரவேண்டிய உதவிகளையும் விட்டுவிடாதீர்கள்:

• அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. இதில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

• அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி போகும் பெண்களுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் (2022 முதல்). மாணவர்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் (2024 முதல்).

• குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சாதி, வருமானச் சான்றுகளையும் மே மாதத்துக்குள் தயார் செய்துவிடுங்கள்.

• வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை நம் பங்குத் தொகை கட்டத் தேவையில்லை. நிலப் பத்திரத்தை அடகு வைக்கவும் தேவையில்லை.

ஏமாறாமல் இருக்க

கடலோரத்திலும் உள்நாட்டிலும் இப்போது அதிகம் நடப்பது ‘கப்பலில் வேலை’ மோசடி. ஆறு மாதப் படிப்பு, உடனே வெளிநாட்டுக் கப்பல், மாதம் லட்சம் ரூபாய் என்று சொல்லி முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். பயிற்சி நிறுவனமாக இருந்தாலும் ஆள் எடுக்கும் நிறுவனமாக இருந்தாலும், மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அனுமதி, பொறியியல் என்றால் ஏ.ஐ.சி.டி.இ அனுமதி. விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்க்கிறோம் அல்லவா, அதே பழக்கம் இங்கேயும் வேண்டும்.

கல்லூரியை நேரில் பாருங்கள். முதல்வர் அறையைவிட, மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர்களிடம் பேசுவதுதான் பயன் தரும். ‘ஆய்வகம் திறக்கிறார்களா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்?’ இந்த இரண்டு கேள்விகள் போதும்.

வாசகர் கேள்விகளும் பதில்களும்

*கேள்வி: பத்தாவது தேறிய மகளுக்கு எந்த குரூப்?*

டாக்டர், வேளாண்மை, இன்ஜினீயரிங் எது என்று இன்னும் தெளிவில்லை, கணக்கும் ஓரளவு வரும் என்றால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு எல்லா வாசலையும் திறந்து வைக்கும். கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளையை அதில் தள்ள வேண்டாம். தொழிற்பிரிவில் வேளாண் அறிவியல் இருக்கும் பள்ளிகளும் உண்டு. அந்தப் பிரிவில் படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் தனி இடங்கள் இருக்கின்றன.

*கேள்வி: மகன் பத்தாவதில் குறைந்த மதிப்பெண். இனி படிப்பு அவ்வளவுதானா?*

இல்லை. ஐ.டி.ஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தால் பி.இ-யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. சுற்றுப்பாதைதான். ஆனால், கையில் தொழிலோடு போய்ச் சேருகிற பாதை. நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் சம்பாதிக்க முடியும்.

*கேள்வி: எங்களுக்கு யார் வழி சொல்வார்கள்?*

பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்கு அழைத்தால் உயர்கல்வி ஆலோசனை கிடைக்கும். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ‘நான் முதல்வன்’ பொறுப்பாசிரியர் இருக்கிறார். மாவட்டம்தோறும் நடக்கும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிக்குப் பிள்ளையோடு நீங்களும் போய் உட்காருங்கள்.

*கேள்வி: மகன் விவசாயமே செய்கிறேன் என்கிறான். தடுக்கலாமா?*

தடுக்க வேண்டாம். ஆனால், வெறுங்கையோடு இறக்கவும் வேண்டாம். வேளாண் டிப்ளோமாவோ, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சியோ, ஒரு ஐ.டி.ஐ தொழிலோ கையில் இருக்கட்டும். நிலத்தில் ஒரு கால் ஏக்கரை அவன் பொறுப்பில் விட்டு, ஒரு போகத்துக்கு வரவு செலவை அவனே எழுதட்டும். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பத் தேதிகளும் தகுதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே விண்ணப்பிக்கவும்.